இழுபடும் துணியில் ஒரு மீன்கொத்தி

கட்டுநாயக்கா
18.1.1981

அன்பின் நபீஸா ராத்தாவுக்குத் தங்கை றம்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் ஜமால்தீன் மச்சானும் வாப்பாவும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். வாப்பாவின் முழங்கால் வலி எப்படி?

நான் இந்த உடுப்புத் தொழிற்சாலைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. முதலில் நூல் நுனி வெட்டுகிற மேசையில் இருத்தினார்கள். போன கிழமை எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மிஸ் வந்து, மிசினில் பூவேலை தெரிந்தவர்கள் யார் என்று கேட்டா. நான் கையை உயர்த்தினேன். உங்கள் பக்கத்தில் ஆறு வருடம் இருந்து தலையணை உறைகளுக்கும் கல்யாணச் சட்டைகளுக்கும் பூப்போட்டவள் வேறு என்ன செய்வாள்? இங்கே மிசின்களுக்கு மோட்டர். காலால் மிதிக்கத் தேவையில்லை. இரண்டு நாளில் பிடித்துக்கொண்டேன்.

துணிதான் பிடிபடவில்லை. ராத்தா, இப்படி ஒரு துணியை நாங்கள் பார்த்ததே இல்லை. நீளமாகவும் இழுபடுகிறது, குறுக்காகவும் இழுபடுகிறது. விட்டால் ஒன்றும் நடக்காததுபோலப் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அதில் கட்டைவிரல் அளவில் ஒரு மீன்கொத்திக் குருவி தைக்கவேண்டும். தைக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. துணியை இறுக்கிய வளையத்தைக் கழற்றியதும் குருவியைச் சுற்றி எல்லாம் சுருங்கி, பொரித்த அப்பளம்போல ஆகிவிடுகிறது. நாலு பேருக்கு இந்த வேலையைத் தந்திருக்கிறார்கள். நாலு பேரின் குருவியும் அப்பளம்தான். ஏப்ரலுக்குள் சரிவராவிட்டால் வெளிநாட்டுக் கொம்பனி தந்த ஓடர் வேறு நாட்டுக்குப் போய்விடுமாம். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஒரு கழிவுத் துண்டை மிஸ்ஸிடம் கேட்டு எடுத்து இதில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒருதரம் பாருங்கள். வாப்பா எனக்கு ஒரு வருடம்தான் தவணை தந்தவர். அதற்குள் வெறுங்கையோடு திரும்பி வர மனமில்லை.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
றம்லா

முல்லைத்தீவு
2.2.1981

அன்புத் தங்கச்சி றம்லாவுக்கு ராத்தா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. எல்லோரும் சுகம். மழை விட்டபின் வாப்பாவின் முழங்காலும் பரவாயில்லை.

துணி வந்த அன்று வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. வாப்பா ஒரு நுனியைப் பிடிக்க, உன் மச்சான் மற்ற நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். "சைக்கிள் ரியூப்பை உருக்கி நெய்திருக்கிறாங்கள்" என்றார் மச்சான். வாப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை உடுத்தால் ஆள் உடுப்பைப் பிடிக்கிறதோ, உடுப்பு ஆளைப் பிடிக்கிறதோ?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகக் கேட்டது என் மண்டைக்குள் நின்றுவிட்டது.

பொப்ளின் துணிக்குச் செய்வதுபோல முதலில் வளையத்தில் மேளத்தோல் மாதிரி இறுக்கித் தைத்தேன். உனக்கு வந்த அப்பளம் எனக்கும் வந்தது. பிறகு வேறொன்று செய்தேன். வளையத்தில் போடுமுன் துணியில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் கீறினேன், ஐம்பது சதக் குற்றி அளவு. வளையத்தை இறுக்கியதும் அது ஒரு ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதாகிவிட்டது! அந்தப் பெரிய வட்டத்துக்குள்தான் நாங்கள் நூலை நிரப்புகிறோம். வளையத்தைக் கழற்றத் துணி பழைய இடத்துக்குப் போகப் பார்க்கிறது. நூல் விடுவதில்லை. இரண்டும் சண்டைபிடிக்கிற இடம்தான் உன் அப்பளம்.

ஆகவே இழுக்காமல் தைக்கவேண்டும். எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

அது என்ன உடுப்பு? குருவி உடம்பில் எந்த இடத்தில் வரும்? அசைகிற இடமா, அசையாத இடமா? அது தெரியாமல் யோசிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தைப்பதுபோல இருக்கிறது. தவறாமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.
நபீஸா

கட்டுநாயக்கா
20.2.1981

அன்பின் ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

உங்கள் பென்சில் வட்டத்தை இங்கே செய்து காட்டினேன். என் அறையில் இருக்கும் குசுமா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளும் எங்கள் நாலு பேரில் ஒருத்தி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. துணியும் நூலும்தான் எங்களுக்குள் கதை.

இழுக்காமல் வைத்துத் தைத்தோம். சுருக்கம் பாதிக்குமேல் குறைந்தது. ஆனால் புதுத் தொல்லைகள் வந்துவிட்டன. ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பி வருகிறது. தையல் விட்டுவிட்டு விழுகிறது. சில இடங்களில் ஊசி குத்திய துளை பெரிதாகி, இழுத்தால் கீறல்போல ஓடுகிறது.

அந்த உடுப்பு ஏதோ வெளிநாட்டு விளையாட்டுக்காரர் போடுவதாம். குருவி இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். மற்றது எனக்குச் சரியாகத் தெரியாது.

இன்னும் மூன்று துண்டுகள் வைத்திருக்கிறேன். நாள் போய்க்கொண்டிருக்கிறது, ராத்தா.

அன்பு மறவாத
றம்லா

முல்லைத்தீவு
27.3.1981

அன்புள்ள றம்லாவுக்கு வஅலைக்கும் ஸலாம். பதில் பிந்திவிட்டது. இடையில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது சுகம். வாப்பாவும் மச்சானும் சுகம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

முதலாவது ஊசி. கூரான ஊசி இந்தத் துணியின் இழையை வெட்டுகிறது. அதனால்தான் கீறல் ஓடுகிறது. நான் ஊசி முனையை வழுவழுப்பான கல்லில் உரைத்து, உருண்டையாக மழுக்கினேன். இப்போது ஊசி இழையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்குகிறது.

இரண்டாவது, துணியை வளையத்தில் போடாதே. தாளைப் போடு. ஓம், தாள்தான்! தாளை வளையத்தில் இறுக்கிவிட்டு, அதன்மேல் துணியை இழுக்காமல் பரப்பி, சுற்றிவர நீளத் தையலால் பொருத்து. பிறகு இரண்டையும் சேர்த்துக் குருவியைத் தை. தாள் இழுபடாது, ஆகவே துணியும் அசையாது. முடிந்ததும் பின்பக்கத்துத் தாளை மெல்லக் கிழித்துவிடு. புதினப் பத்திரிகை வேண்டாம், மை ஒட்டுகிறது. பட்டத் தாள் பாதித் தையலிலேயே கிழிந்துவிடுகிறது. கடையில் சீனி சுற்றித் தருகிற தாள்தான் சரி.

மூன்றாவது குருவி. நீங்கள் அதை நூலால் நெருக்கி நிரப்புகிறீர்கள். நான் அப்படித் தைத்த துண்டை முழங்கையில் கட்டிக்கொண்டு கையை மடக்கினேன். 'டக்'கென்று நூல் அறுந்தது. பிறகு சிறகை இறகு இறகாகப் பிரித்து, நடுவில் துணி தெரிய இடம்விட்டு, தையலைக் கோணல்மாணலாகப் போட்டேன். மறுபடி கட்டிக்கொண்டு மடக்கினேன். நூல் அறவில்லை. றம்லா, என் முழங்கையில் குருவி சிறகை விரித்தது! நீட்டினேன், மடக்கிக்கொண்டது. எத்தனை தரம் மடக்கி நீட்டினேன் என்று தெரியாது. மச்சான் வந்து, "கை சுளுக்கிப்போட்டுதோ?" என்று கேட்கும்வரை செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று. மூன்றாவது துண்டின் ஓரத்தில் ஒரு வளைவு வெட்டும் றப்பர் நாடாவும் இருந்தன. அது தொடை மடிப்பில் வரும் வளைவு. நான் தையல்காரி, வெட்டைப் பார்த்தால் உடம்பு தெரியும். அது பெண்கள் நீந்துகிறபோது போடுகிற உடுப்பு. உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வாப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் என்னிடம் ஒளித்திருக்க வேண்டாம்.

அல்லாஹ் உன்னைக் காப்பான்.
நபீஸா

கட்டுநாயக்கா
17.4.1981

அன்பின் ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காய்ச்சல் முற்றாகச் சுகமா?

சரிவந்துவிட்டது! மிஸ் குருவியை யன்னலடியில் பிடித்து நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தா. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தா. ஓடர் தருகிற வெள்ளைக்காரரும் வந்து பார்த்தார். அவர் துணியைத் தன் முஷ்டியில் போர்த்தி, விரலைத் திறந்து மூடிச் சிரித்தார். ஓடர் எங்களுக்குத்தான். என்னைப் பன்னிரண்டு பேருக்குப் பழக்குகிறவளாகப் போட்டிருக்கிறார்கள். மிசின்களுக்கு முனை உருண்ட ஊசிகளும் வரப்போகின்றன. அப்படி ஊசி வெளிநாட்டில் விற்கிறதாம், ராத்தா!

அந்த உடுப்பைப் பற்றி ஒளித்தது பிழைதான். "இந்த வேலை வேண்டாம், வா" என்று வாப்பா சொல்லிவிடுவார் என்று பயந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது. எல்லோருக்கும் ஸலாம்.
றம்லா

முல்லைத்தீவு
30.5.1981

அன்புத் தங்கச்சிக்கு வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். வாப்பா சந்திக்குச் சந்தி நின்று, "என்ர மகள் பன்னிரண்டு பேருக்குப் படிப்பிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் சந்தோசம்தான்.

உன் கடிதம் சின்னது. எனக்கு எல்லாம் தெரியவேண்டும். தாளைப் பற்றி அந்த வெள்ளைக்காரர் என்ன கேட்டார்? இது யாருடைய யோசனை என்று கேட்டிருப்பார்களே, நீ என்ன சொன்னாய்? தண்ணீரில் ஊறியபின் குருவி எப்படி இருந்தது?

இறகுகளுக்கு இடையில் இன்னும் கூட இடம்விட்டால் என்ன என்று யோசிக்கிறேன். பெரிய துண்டு ஒன்று அனுப்பு.

பதிலைப் பார்த்திருக்கும்
நபீஸா

முல்லைத்தீவு
19.7.1981

அன்புள்ள றம்லாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக நோன்பு பிடிக்கிறாய் என்று நினைக்கிறேன். இங்கு எல்லோரும் சுகம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம்.

தம்பி மஸாஹிர் கொக்கிளாய்க் கருவாட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது உன்னைத் தொழிற்சாலைக் கேட்டடியில் கண்டதாகச் சொன்னான். உன்னோடு வேலைசெய்கிறவர்கள் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்களாம். "ராத்தா, எங்கட றம்லாவின்ர படத்தைச் சுவரில கொழுவி, கீழ 'றம்லா முறை' எண்டு எழுதி வச்சிருக்கிறாங்கள்! அவள்தான் கண்டுபிடிச்சவளாம்!" என்று துள்ளினான். வாப்பாவுக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினான்.

நல்லது.

இங்கே வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வேறு புதினம் இல்லை.

நபீஸா

கட்டுநாயக்கா
10.8.1981

என் ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தைக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வாப்பாவுக்கு எழுதியது பொய். லீவு தந்தார்கள். உங்கள் முன்னால் வந்து நிற்கப் பயந்துதான் வரவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரர் போனபின் மிஸ் எல்லோர் முன்னாலும் கேட்டா, "இதை யார் யோசித்தது?" என்று. சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. நான் "மம" என்று சொன்னேன். சிங்களம் தெரியாததால் வாய் தவறிவிட்டது என்று உங்களுக்கு எழுத நினைத்து மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். அது சரிவராது, ராத்தா. அக்கா என்ற சொல் சிங்களத்திலும் அக்காதான். எனக்கு அது தெரியும். தினமும் குசுமா என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும்.

ஊரில் எல்லோருக்கும் நான் நபீஸாவின் தங்கச்சி. சட்டை தைக்கக் கொண்டுவருகிறவர்கள்கூட என் பெயரைக் கேட்டதில்லை. இங்கே முதல்முறையாக மிஸ் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினா. அந்தக் கைதட்டல் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு படம் எடுத்தார்கள். பிறகு சுவரில் கொழுவினார்கள். நாளுக்கு நாள் சொல்ல முடியாமல் போய்விட்டது.

நீங்கள் ஏசி எழுதுங்கள். 'நல்லது' என்று மட்டும் எழுதாதீர்கள்.

றம்லா

முல்லைத்தீவு
3.9.1981

றம்லாவுக்கு வஅலைக்கும் ஸலாம். வாப்பாவும் மச்சானும் சுகம்.

ஏசச் சொன்னாய். ஏசத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் நான் உனக்கு ஒளித்ததைச் சொல்லவேண்டும்.

மார்ச் மாதம் எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. நாலு மாதம் முடிந்திருந்தது. முன்பு இரண்டு தரம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு ஏமாந்ததால், இந்த முறை உனக்கும் மஸாஹிருக்கும் சொல்லவில்லை. நான் மிசின் மிதித்ததால்தான் போனது என்று மாமி சொன்னா. வந்து பார்த்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பிள்ளை" என்றார்கள். வீட்டில் யார் கேட்டது? மிசினைப் போர்வையால் மூடிவிட்டார்கள்.

படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணைக்குக் கீழே உன் துணித்துண்டுகள் இருந்தன. ஒருநாள் ஒன்றை எடுத்து இழுத்தேன், விட்டேன். இது ஏன் திரும்பி வருகிறது என்று யோசித்தேன். பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக வேறொன்றை யோசித்தேன். எழும்பிப் போர்வையை விலக்கி, காலால் மிதிக்காமல், வலக்கையால் மிசினின் சில்லைச் சுற்றி இடக்கையால் வளையத்தை நகர்த்தி, ஒவ்வொரு தையலாகத் தைத்தேன். ஒரு குருவிக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த மாதம் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தக் குருவிதான்.

ஆகவே நீ எடுத்துக்கொண்டது ஒரு யோசனையை மட்டுமல்ல. உனக்கு அது தெரியாது என்பதும் உண்மை.

உன் பெயரைச் சொல்லிக் கைதட்டியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆறு வருடம் பக்கத்தில் இருத்தியும் உன் பெயரை நானும் யாரிடமும் சொல்லவில்லைத்தானே. அதை நினைத்து வெட்கப்பட்டேன். ஆனாலும் என் கோபம் குறையவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? எந்த இடத்தில், எந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னாயோ, அங்கே போய்ச் சொல். அதற்குப் பிறகு எழுது.

நபீஸா

கட்டுநாயக்கா
28.9.1981

அன்பின் ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். அந்த நாட்களில் நான் உங்கள் பக்கத்தில் இல்லை. ஓடர், ஓடர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது உடம்பு எப்படி? இந்த முறை எனக்கு உண்மையை எழுதுங்கள்.

போன திங்கட்கிழமை காலை, எல்லோரும் மிசினில் இருந்தபின், மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். என் சிங்களம் தடுமாறிய இடங்களில் குசுமா எடுத்துக் கொடுத்தாள். மிசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மிஸ் போய்ச் சுவரிலிருந்த படத்தைத் தன் கையாலேயே கழற்றினா. "ஐந்து மாதம் என்னை எல்லோரிடமும் பொய் சொல்ல வைத்துவிட்டாய்" என்றா. பழக்குகிற வேலை இப்போது குசுமாவுக்கு. நான் ஏழாம் மிசினில் தைக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் சிலர் என்னோடு கதைப்பதில்லை. அது அவர்களின் பிழையில்லை.

மூன்று நாள் கழித்து மிஸ் கூப்பிட்டா. "உன் அக்காவுக்கு இதை அனுப்பு" என்று ஒரு துணியைத் தந்தா. வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது, மீன்போல மினுங்குகிறது. பனிக்கட்டிமேல் ஆடுகிற பெண்களுக்காம். சீனித்தாளில் வைத்துத் தைத்தால், தாளைக் கிழிக்கும்போது துணியும் சேர்ந்து கிழிகிறது. நீங்கள் மாதிரி தைக்கிற பகுதிக்கு மூன்று மாதம் வந்து வேலை செய்வீர்களா என்று மிஸ் கேட்கிறா. தன் கைப்பட எழுதிய கடிதமும் உங்கள் பெயருக்கு இதற்குள் இருக்கிறது. கணக்கு எழுதுகிற கந்தோரில் ஒருவர் அதைத் தமிழில் எழுதித் தந்தார்.

வரச் சொல்லும் உரிமை எனக்கில்லை. கடிதத்தைச் சேர்ப்பிப்பதுதான் என் வேலை.

றம்லா

முல்லைத்தீவு
20.10.1981

அன்புத் தங்கச்சி றம்லாவுக்கு வஅலைக்கும் ஸலாம். உடம்பு நல்ல சுகம், இது உண்மை. ஹஜ்ஜுப் பெருநாள் நன்றாக முடிந்தது.

பனிக்கட்டிமேல் எப்படி ஆடுவார்கள்? வழுக்காதா? கால் குளிராதா? வாப்பா இரண்டு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நீச்சல் உடுப்பைப் பற்றியும் இப்போது அவருக்குச் சொல்லிவிட்டேன். "தைக்கிறவள் ஏன் வெட்கப்படவேணும், போடுறவள் எங்கேயோ நீந்துறாள்" என்றார். உன் தவணையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நீயாகக் கேள்.

மிஸ்ஸின் கடிதத்தை மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். மாமியும் இருந்தா. "மூண்டு மாசம் புருசனை விட்டிட்டுப் போறதோ?" என்று மாமி தொடங்கினா. நானும் போகமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மச்சான் குறுக்கே, "அவள் போகட்டும் உம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மார்ச் மாசம் நீ என்னோட ரெண்டு சொல் கதைக்கேல்ல. அந்தத் துணியோடதான் கதைச்சனீ. நான் வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். போய் மிச்சத்தையும் கதைச்சிட்டு வாவன்" என்றார். பதினொரு வருடமாக இந்த மனிசனோடு இருக்கிறேன். அவர் வாசலில் நின்றது எனக்குத் தெரியாது.

மெல்லிய துணிக்குத் தாள் சரிவராது. துணியைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தால் அதுவே தாள்போல விறைக்கும். தைத்தபின் தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், கிழிக்கத் தேவையில்லை. சிறு மூலையில் செய்து பார்த்தேன், பாதி சரி. மினுக்கம் மங்குமோ என்பது இன்னும் தெரியவில்லை. மாக்கஞ்சியும் பார்க்கவேண்டும். அங்கே குசினியில் அடுப்பு இருக்கிறதா? பெரிய சட்டி ஒன்று கேட்டு வை. குசுமாவையும் நிற்கச் சொல். அவளோடு கதைக்க ஆசை.

அடுத்த மாதம் நாலாம் திகதி புதன்கிழமை மஸாஹிரோடு மாங்குளத்தில் கோச்சி ஏறுகிறேன். ஸ்டேசனுக்கு வா. உன்மேல் உள்ள கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதே. அதுவும் என்னோடு கோச்சியில் வருகிறது. சில நாள் உன் அறையில் எங்களோடு இருக்கும். அதற்கும் ஒரு பாய் போட்டு வை.

மற்றவை நேரில்.
உன் ராத்தா
நபீஸா